கல்லில் எண் உண்டு, பெயர் எங்கே?

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டுக்குச் செல்வோர் நாள்தோறும் கடந்து போகும் போர் நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு இவ்வூரினின்று 302 பேர் சென்றனர். அவருள் 41 பேர் உயிர் துறந்தனர் என்கிறது அங்குள்ள கல். எண் உண்டு, பெயர் இல்லை!

காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்லுங்கள். கோயில் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள்! நிலம் தந்தவர் பெயர், விளக்கெரிக்கப் பொன் தந்தவர் பெயர், யாவும் உண்டு. விளக்குக்குப் பொன் கொடுத்தவருக்குப் பெயர். உயிரைக் கொடுத்தவனுக்கு வெறும் எண்ணா?

அந்தப் போரில் நம்மவர் பட்ட பாட்டுக்கு ஒரு சான்று, கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா கடற்கரை. 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பலேற்றப்பட்ட படையினர் ஏறத்தாழ 8,000 பேர். சென்னை மாகாணத்தின் 61ஆம் பயனியர் படையும், 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் அதில் இருந்தன. வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து, கடல் நோயால் நலிந்தவர்களை ஓய்வுமின்றிக் கரையில் இறக்கினர். பாதை வெட்டப் பழகிய பயனியர் படை, நவம்பர் 2ஆம் நாள் இரவில் முதலில் இறங்கியவற்றுள் ஒன்று! அதற்கு முன்பே போர்க்கப்பலின் தலைவர் கரைக்குச் சென்று, ஜெர்மானியரைச் சரணடையக் கேட்டு, படை வந்த செய்தியையும் அறிவித்துவிட்டார். வேவு பார்க்கவும் தளபதி எய்ட்கன் ஆளனுப்பவில்லை. எதிர்த்து நின்றவர் ஏறத்தாழ 1,000 பேரே. எந்திரத் துப்பாக்கிகள் சீறின. கலைந்த கூடுகளிலிருந்து தேனீக்களும் கொட்டின. நவம்பர் 5ஆம் நாள், துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டுப் படை கப்பலேறியது.

திட்டம் வகுத்தவர் தவறினார்; பழி யார்மீது விழுந்தது? பாளையங்கோட்டைப் படை ஓடிற்று என்றார்கள். தென்னாட்டான் போருக்கு உதவான் என்றார்கள். பயனியரோடு இறங்கிய ரஜபுத்திரர் படையும் அன்று பின்வாங்கியதே! அவர்களது ‘வீர இனம்’ என்ற பட்டம் பறிபோயிற்றா? இல்லை. 1752இல் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படையைச் சரணடைய வைத்தபோது தென்னாட்டுச் சிப்பாய்கள் கசக்கவில்லை. 1920களில் சென்னைக் காலாட்படைகளைக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும், 1940களின் தொடக்கத்தில் மீண்டும் கூட்டினார்கள். வேண்டும்போது வீரன், வேண்டாதபோது கோழை! இதுதான் ஆதிக்கத்தின் இலக்கணம்.

தாங்காவை எழுதி வைத்தவர் யார்? அதிகாரிகள். மைனர்ட்சகேன் என்ற அதிகாரியின் நாட்குறிப்பு 1960இல் நூலாயிற்று. அதன் நம்பகத்தன்மையைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஐயுற்றனர். எனினும் அச்சேறியது அவர் குரல்! அலையில் இடுப்பளவு நனைந்து இறங்கியவனின் நினைவை யாரும் கேட்கவில்லை. திருச்சிக்கு உயிரோடு மீண்ட 261 பேரின் நெஞ்சில் இருந்ததெல்லாம் அவர்களோடே எரிந்தது, புதைந்தது.

‘வெள்ளையனுக்காகச் சண்டையிட்டவனுக்கு நினைவு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். அவனைப் பட்டாளத்துக்குத் துரத்தியது பேரரசுப் பற்றா, பசியா? நினைவுகூர்வது போரைப் போற்றுவது ஆகாது. ஏழையின் உயிர் எவ்வளவு மலிவாக விலை பேசப்பட்டது என்பதை அறிந்தவனே அடுத்த போரை எதிர்த்துக் குரல் கொடுப்பான்.

வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துக் கூறுகிறது. அந்த மரபில் வந்த நாம் எண்ணோடு நிற்கலாமா? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் மாண்டோர் பெயர்கள் உள்ளன; சிலவற்றில் தந்தை பெயரும் ஊரும்கூட உண்டு. அவற்றைத் தேடித் திருச்சி மாவட்டத்தாரைப் பிரித்தெடுக்க வேண்டியது அரசின் கடன். பழைய பெட்டிகளில் கிடக்கும் பதக்கத்தையும் விடுப்புச் சீட்டையும் கடிதத்தையும் வீடு வீடாகக் கேட்டு, படியெடுத்து, படிப்பகங்களில் வைப்பது நம் கடன்.

கல் நம் ஊரில் இருக்கிறது. அதில் பெயர்களைப் பொறிக்கும் பணியை இந்த ஞாயிறே தொடங்குங்கள், தோழர்களே!