அடுத்தவர் கூலி

விடிவதற்கு முன்பே கம்பம், போடி பக்கமிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் தமிழ்ப் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மாலையில் இறங்கும்போது பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும். எந்தத் தோட்டத்தில் எவ்வளவு கூலி, கங்காணி யாருக்குச் சலுகை காட்டினார், பக்கத்து வீட்டுக்காரி எப்படி மாடி எழுப்பினாள்.

இதே பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற கிறிஸ்தவர்கள் வாழும் ஊர்களும் உண்டு. இங்கே விளையும் பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். ஆகவே, மத்தேயு நற்செய்தியின் 20-ம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கூலிகளின் கதையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடிகாலையில் வந்தவருக்கும், பொழுது சாயும் நேரத்தில் வந்தவருக்கும் ஒரே கூலி. முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலியில் ஒரு காசுகூடக் குறையவில்லை. கடைசியாக வந்தவரின் கையைப் பார்த்த பிறகுதான் தங்கள் கையில் இருப்பது குறைவாகத் தெரிகிறது.

தோட்டக்காரர் அவர்களிடம் கேட்கும் கேள்வியில், கிரேக்க மூலத்தில் பொறாமைக்கு வரும் சொல் 'கெட்ட கண்'. திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கும் நாட்டுக்கு இது அந்நியமான பேச்சல்ல. ஒரே ஒரு வித்தியாசம்: ஊர் பயப்படுவது அடுத்தவன் கண்ணுக்கு, கதை விசாரிப்பது சொந்தக் கண்ணை.

இந்தக் கதையைக் காட்டியே கூலிக்காரர்களின் வாயை அடைக்கும் பிரசங்கங்களும் உண்டு. அது மோசடி. 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 9 நாள் போராட்டத்தில் போனசும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள். அது பொறாமை அல்ல, பாக்கி வசூல். அறுவடைக்காரரின் கூலியைப் பிடித்துவைப்பவர்களை யாக்கோபின் கடிதம் கடுமையாகவே சாடுகிறது. பொறாமை ஏழையின் வியாதி மட்டுமல்ல என்பதும் விவிலியத்துக்குத் தெரியும். நாபோத்தின் திராட்சைத் தோட்டம் கிடைக்கவில்லை என்று சாப்பிடாமல் குப்புறப் படுத்தவன் ஆகாப், நாட்டுக்கே ராஜா.

வடக்கே பாலக்காடு எல்லையில் பொறாமைக்கு வேறு தீனி. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்டதிலிருந்து வாளையாறு கடைகளில் தமிழ்க் குரலுக்குப் பஞ்சமில்லை. 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய், திருப்பூர் பக்கத்து 4 பேர் சேர்ந்து வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. அன்றிரவு எல்லைக்கு இந்தப் பக்கம் எத்தனை பேர் தூங்கவில்லையோ!

சில சபைகளில் சொல்லப்படும் சாட்சிகளும் லாட்டரி விளம்பரம் போலத்தான் இருக்கின்றன. கர்த்தர் கார் கொடுத்தார், பையனுக்குக் கனடா விசா கொடுத்தார். கேட்டுவிட்டு நடந்தே வீடு திரும்பும் விதவைக்கு அன்று மிஞ்சுவது விசுவாசமா, வயிற்றெரிச்சலா?

பவுல் பிலிப்பியருக்கு எழுதியது சிறையிலிருந்து. உள்ளதில் நிறைவாயிருக்கத் தான் கற்றுக்கொண்டதாக அதில் சொல்கிறார். கற்றுக்கொண்டது, பிறவிக் குணமல்ல. தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகளில் அதற்கொரு பள்ளிக்கூடம் இருக்கிறது: அன்பியம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறைவைத்து வீடு வீடாகக் கூடும் ஜெபக் கூட்டம். யார் வீட்டில் கூடுகிறார்களோ அந்தக் குடும்பத்துக்காக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியின் புது டைல்ஸ் தரையில் உட்கார்ந்து, அந்த வீட்டுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும்போது, முதல் தடவை வார்த்தை தொண்டையில் சிக்கும். யாரைப் பார்த்தால் வயிறு எரிகிறதோ அவர் பெயரைச் சொல்லியே ஜெபி என்பதுதான் அனுபவமுள்ள பங்குச் சாமியார்கள் தரும் மருந்து. மனசு பின்னால் வரட்டும் என்பார்கள்.

அடுத்த மாதக் கூட்டம் இவள் வீட்டில். மாடி வீட்டுக்காரி வந்து கோரைப்பாயில் உட்கார வேண்டும்.