அரோகரா என்றால் ஆங்கிலத்தில் என்ன?

எங்கள் மயிலம் மலைக்கோயிலில் பங்குனி உத்திரத்தன்று காவடியோடு ‘அரோகரா’ என்று குரல் கொடுத்தால் அது பக்தி. அதே ஆள் மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து ‘சீட்டு கட்டின பணம் அரோகரா’ என்றால் அது திவால். ஒரே சொல்தான். அரன் பெயரிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு இரண்டாவது அர்த்தம் உண்டு என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் ஐந்தாம் வகுப்புப் பையன்கூட இரண்டையும் குழப்பிக் கொள்ள மாட்டான்.

பெருமாள் பக்கம் இதே வேலையைக் ‘கோவிந்தா’ செய்கிறது. வாத்தியார் திட்டினால் அர்ச்சனை. அடித்தால் பூசை. சான்றிதழுக்காக ஆபீசுக்கு நாலு தடவை நடந்தால் காவடி எடுத்தேன் என்கிறோம். ஏமாற்றியவன் நாமம் போட்டுவிட்டான். சாமியே கும்பிடாதவரும் காரியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன் என்றுதான் சொல்கிறார்!

இத்தனை மரபுத்தொடர்களை மூச்சு விடுவதுபோல் பயன்படுத்துகிற நாம், ஆங்கிலத்தில் ‘இடியம்’ என்றதும் ஏன் நடுங்குகிறோம்? நமக்கு அறிவு போதாததால் அல்ல, கற்றுத் தருகிற முறை தப்பு என்பது என் கட்சி.

பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும் ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் ஆங்கிலத் தொடர், வலது பக்கம் தமிழில் ஒற்றை வரி. ‘கிக் தி பக்கெட்’ - இறந்து போதல். அவ்வளவுதான். இதை உருப்போட்டுக்கொண்டு போன ஒரு நண்பன், எங்கள் பி.காம். வகுப்பில் அக்கவுண்ட்ஸில் முதல் ஆள், வேலைக்கான இண்டர்வியூவில் உட்கார்ந்தான். படிப்பில் ஒரு வருடம் ஏன் விட்டுப் போனது என்று கேட்டார்கள். அப்பா தவறிப்போனதைச் சொல்ல வேண்டும். ‘மை ஃபாதர் கிக்டு தி பக்கெட்’ என்றான். எதிரே இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஒருவர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாராம்.

புத்தகம் சொன்ன அர்த்தம் சரிதான். ஆனால் அது ‘மண்டையைப் போட்டார்’ என்பதுபோன்ற பேச்சு என்பதைச் சொல்லவில்லை. பெற்ற தகப்பனைப் பற்றி அப்படி யார் பேசுவார்கள்?

இதே நண்பன் அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தபோது, என்ன போட வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. ‘சிவலோகப் பதவி அடைந்தார்’ என்று எழுதிக் கொடுத்தான். வைணவர் வீடாக இருந்தால் வைகுண்ட பதவி. கிறிஸ்தவர் வீட்டில் ‘கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்’. முஸ்லிம் வீட்டில் ‘வஃபாத் ஆனார்’. கடவுள் மறுப்பாளர் என்றால் ‘இயற்கை எய்தினார்’. ஒரு சாவுக்கு இத்தனை சொல் வைத்திருக்கிறோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை சுவர்களைப் பார்த்துக்கொண்டே போங்கள், வீடு மாறி ஒட்டிய ஒரு போஸ்டரைக் காட்ட முடியாது. எந்த இடத்தில் எந்தச் சொல் என்கிற அந்த நுட்பம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு பத்திப் புத்தகம் அதைத் தொடவே இல்லை.

இன்னொரு விஷயம். ஆங்கிலத்தின் பல தொடர்களும் பக்தி நூலிலிருந்து வந்தவைதான். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளும் அதற்கு முந்தைய மொழிபெயர்ப்புகளும் தேவாலயத்தில் வாரா வாரம் காதில் விழுந்து விழுந்து, பேச்சில் கலந்துவிட்டன. ‘ஸ்கேப்கோட்’ என்பது 1530இல் வில்லியம் டிண்டேல் உருவாக்கிய சொல். ஊராரின் பாவத்தை ஒரு ஆட்டின் தலையில் ஏற்றி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடும் சடங்கு அது. நாம் அதைப் ‘பலிகடா’ என்கிறோம். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் ஆடு உயிரோடு ஓடிவிடுகிறது, நம் கடா கோயில் வாசலிலேயே வெட்டுப்படுகிறது!

இண்டர்வியூவுக்கு இண்டர்வியூ கேட்கிற ‘டேலண்ட்’ என்ற சொல்லும் அப்படித்தான். அது பழைய காலத்து எடை, பணக் கணக்கு. தமிழ் பைபிளில் ‘தாலந்து’. எசமான் கொடுத்த ஒரு தாலந்தை ஒரு வேலைக்காரன் மண்ணில் புதைத்து வைக்கிறான். வட்டிக்காவது விட்டிருக்கக் கூடாதா என்று எசமான் திட்டுகிறார். (காமர்ஸ் மாணவர்களுக்கென்றே எழுதிய கதை போலிருக்கிறது.) திறமை என்ற அர்த்தம் இந்தக் கதையிலிருந்துதான் வந்தது. இதை ஒரு முறை கேட்டவன் அந்தச் சொல்லை மறப்பானா?

1839இல் தமிழகம் வந்த ஜி.யு.போப், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1900இல், தன் எண்பதாவது வயதில். அப்போதும் வெறும் மொழிபெயர்ப்போடு விடவில்லை. குறிப்புகள், சொல்லகராதி எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்தார். நமக்கோ முப்பது நாளில் ஆங்கிலம் வேண்டுமாம்!

நம் பாடத்திலிருந்தே ஒரு உதாரணம். ஜர்னல் எழுதும்போது டெபிட், கிரெடிட் மட்டும் போட்டுவிட்டு நரேஷன் எழுதாமல் விட்டால் மார்க் குறைப்பார்கள். மரபுத்தொடருக்கும் அந்த நரேஷன் வேண்டும். எங்கிருந்து வந்தது, யாரிடம் சொல்லலாம், நம்மூரில் அதே இடத்தில் நிற்கிற சொல் எது. நானும் அந்த நண்பனும் ஒரு நோட்டில் மூன்றாவது பத்தி போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறோம். முதல் வரியாக ‘பாஸ்டு அவே’ என்று எழுதி, எதிரே ‘காலமானார், யாரிடமும் சொல்லலாம்’ என்று எழுதியது அவன்தான்.