ஒரு கிளாஸ் வெள்ளம்

ஆவடி, அம்பத்தூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மலையாளம் புதுசு இல்லை. 1960-களில் ஆவடியில் டாங்க் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தபோது வேலைக்கு வந்து, இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்ட கேரளத்துக் குடும்பங்கள் நிறைய.

பக்கத்து வீட்டுச் சேச்சி, "கொறச்சு வெள்ளம் தரோ?" என்றால் பதறாதீர்கள். ஊரை மூழ்கடிக்கச் சொல்லவில்லை. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறார், அவ்வளவுதான்!

நமக்கு வெள்ளம் என்றால் கரை உடைத்துப் பாய்வது. தெலுங்கில் 'வெல்லுவ' என்றாலும் அதேதான். பழைய தமிழில் அது ஒரு மாபெரும் எண்ணும்கூட. கம்பர் வானர சேனையை எழுபது வெள்ளம் என்று கணக்குச் சொல்கிறார். மலையாளத்தில் மட்டும் வெள்ளம் சாதுவாகி டம்ளருக்குள் அடங்கிவிட்டது. நிஜமாகவே வெள்ளம் வந்தால் அவர்கள் 'வெள்ளப்பொக்கம்' என்பார்கள். அதாவது, தண்ணீர் பொங்கிவிட்டதாம்.

இரண்டு மொழிக்காரர்களும் ஒன்றுசேரும் இடம் ஒன்று உண்டு. நம்ம ஆள் 'தண்ணி' அடிப்பார். அங்கே அதற்குப் பெயர் 'வெள்ளமடி'!

இந்தக் கூத்து நமக்கு மட்டும் இல்லை. ஆவடியில் ரஷ்ய வடிவமைப்பில் டி-72 டாங்குகள் தயாரானது தெரியும். அந்த ரஷ்ய மொழியில் 'சேர்ஸ்த்வி' ரொட்டி என்றால் காய்ந்துபோன பழைய ரொட்டி. அதன் சகோதர மொழியான செக்கில் ஏறக்குறைய அதே வார்த்தைக்கு, அப்போது சுட்ட புது ரொட்டி என்று அர்த்தம். கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

ரொட்டியாவது பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். நம் வார்த்தையின் இரண்டு அர்த்தமும் பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே, செம்பரம்பாக்கம் ஏரியில் இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி, அதிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரை வீடுகளில் மாடி வரைக்கும் ஏறியது தமிழ் வெள்ளம். நாலே வருஷம். 2019 ஜூனில் அதே ஏரி காய்ந்து கிடந்தது. ஜனங்கள் பிளாஸ்டிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். அப்போது இல்லாமல் போனது மலையாள வெள்ளம்.

ஏரியில் நிற்கிற வரைக்கும் அது மலையாளம். தெருவுக்கு வந்துவிட்டால் தமிழ். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று இந்தப் பக்கத்து ஏரிகளையெல்லாம் வெட்டி வைத்த முன்னோர்கள் அகராதி புரட்டியவர்கள் இல்லை. ஆனால் இந்த வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஏரிக்குள் பிளாட் போட்டு விற்கிறவர்களுக்கும், வாங்குகிற நமக்கும்தான் இன்னும் தெரியவில்லை.