கதையா, கதைப்பின்னலா?

"படத்துல கதையே இல்ல சார்" என்று யாராவது சொன்னால், "எதைக் கதை என்கிறீர்கள்?" என்று கேட்கத் தோன்றுகிறது. தமிழில் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். நடந்தவை நடந்த வரிசையில் ஒன்று. அவற்றைப் படம் நமக்கு எடுத்து வைக்கும் வரிசை இன்னொன்று. பிரெஞ்சில் முன்னது 'இஸ்த்துவார்', பின்னது 'ரெசி'. ழெரார் ழெனெத் 1972-இல் இதைத் தெளிவாகவே பிரித்துக் காட்டினார். ரஷ்யர்கள் அதற்கும் முன்பே செய்துவிட்டார்கள். நாம் கதை, கதைப்பின்னல் என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்செல் கார்னே 1939-இல் எடுத்த 'லெ ழூர் ஸெ லேவ்' (பொழுது விடிகிறது) படத்தைப் பாருங்கள். நேராகச் சொன்னால், பிரான்சுவா என்ற தொழிலாளி ஒரு பூ விற்கும் பெண்ணை விரும்புகிறான். நாய்களை வைத்து வித்தை காட்டும் வலாந்தேன் என்ற பசப்புக்காரன் குறுக்கே வருகிறான். தகராறு முற்றி, பிரான்சுவா அவனைச் சுட்டுவிடுகிறான். பத்திரிகையில் நாலு வரிச் செய்தி, அவ்வளவுதான்.

ஆனால் படம் தொடங்குவதே அந்தத் துப்பாக்கிச் சத்தத்தில். வலாந்தேன் மாடிப்படியில் உருண்டு விழுகிறான். பிரான்சுவா (ழான் கபேன்) அறைக்குள் பூட்டிக்கொள்கிறான். வெளியே போலீஸ். இரவு முழுவதும் சிகரெட் பிடித்தபடி பழசை நினைக்கிறான். அறையில் ஒரு கரடி பொம்மை கிடக்கிறது. முதலில் அது வெறும் சாமான். அது யாருடையது என்று தெரிந்த பிறகு அதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. பார்ப்பவர்கள் குழம்புவார்களோ என்று பயந்து, தொடக்கத்தில் ஒரு விளக்க வாசகம் வேறு போட்டார்கள்!

இதையே நேர்வரிசையில் வெட்டி ஒட்டியிருந்தால் வலாந்தேன் வழக்கமான வில்லன் ஆகியிருப்பான். குண்டு பாயும்போது நாம் கை தட்டியிருப்போம். இப்போது முடியாது. அவன் வாய் ஓயாமல் பொய் பேசும்போதும், சாகப்போகிறவன் என்று நமக்குத் தெரியும். சுட்டவனுக்கும் தப்ப வழியில்லை என்று தெரியும். 'என்ன ஆகும்' என்ற கேள்வி போய், 'ஏன் இப்படி ஆயிற்று' என்பது மட்டும் மிஞ்சுகிறது.

நம் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) படமும் ஒரு துப்பாக்கிச் சத்தத்தில்தான் தொடங்குகிறது. அங்கே கேள்வி 'யார் சுட்டது?' பதிலைக் கடைசிவரை ஒளித்து வைக்கிறார். எழுபது வருடம் ஆனாலும் நான் இங்கே அதைச் சொல்லப் போவதில்லை.

அதனால்தான் இந்தப் பத்து நிமிடக் கதைச்சுருக்க வீடியோக்கள் எனக்குப் பிடிப்பதில்லை. "பார்த்துட்டேன் தாத்தா" என்கிறார்கள் பிள்ளைகள். அவர்கள் பார்த்தது அந்த நாலு வரிச் செய்தியை. கார்னே படத்தை முழுதாக, ஒரே மூச்சில் பாருங்கள். பிரெஞ்சு தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ழாக் பிரெவேரின் வசனத்தில் பாதி சப்டைட்டிலில் தங்குவதில்லை.