அவர்கள் என்றும் குழந்தைகள் அல்லர்

"அவன் பச்சப்புள்ள மாதிரில்லா, அவனுக்கு என்ன தெரியும்?" தென்காசிப் பக்கம் அறிவுசார் குறைபாடுள்ள ஒருவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. பாசத்தோடு சொல்வதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தே ஆக வேண்டும். முப்பது வயது மனிதருக்குத் துக்கம், கோபம், கூச்சம், ஆசை எதுவும் இல்லையென்று தீர்ப்பெழுதும் பொய் இது.

இந்தப் பொய் என்ன செய்கிறது என்பதைச் சாவு வீட்டில் பார்க்கலாம். தாய் இறந்துவிட்டால், "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று மகனிடம் சொல்லிவிடுகிறார்கள். அவர் வாசலையே பார்க்கிறார், சாப்பிட மறுக்கிறார், கிடைத்ததைத் தூக்கி எறிகிறார். "முரண்டு பிடிக்கான்" என்று சொல்லி மாத்திரைக்கு அலைகிறார்கள். அவருக்கு வந்திருப்பது துக்கம். அதைச் சொல்ல யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

குற்றாலச் சாரல் காலத்தைப் பாருங்கள். குடும்பமே மெயினருவியில் குளிக்கும்போது அறிவுசார் குறைபாடுள்ளவரை மட்டும் வேனில் உட்கார வைப்பது வழக்கம். "கூட்டத்துல சமாளிக்க முடியாது" என்பார்கள். ஆனால் அந்த அருவிக்கரையே நல்ல வகுப்பறை. முறை வரும்வரை வரிசையில் நிற்பது, இடிபட்டால் விலகுவது, பயமாக இருந்தால் கூட வந்தவரிடம் சொல்வது, போலீஸ் விசிலடித்தால் வெளியே வருவது, உடை மாற்றும்போது யார் உதவலாம், யார் தொடக்கூடாது என்று அறிவது எல்லாம் பழகிக் கற்கக்கூடியவை. முகபாவப் படங்களைக் காட்டியும், நடித்துக் காட்டியும், ஒரே பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பலமுறை செய்ய வைத்தும் சிறப்பாசிரியர்கள் இவற்றைக் கற்பிக்கிறார்கள். வீட்டில் ஒத்திகை, பிறகு கூட்டம் குறைந்த காலைநேரம், பிறகு சீசன் கூட்டம். கற்க நாளாகும் என்பது வேறு, கற்கவே முடியாது என்பது வேறு.

"வெள்ளந்தியா இருக்கட்டும், இதெல்லாம் சொல்லி ஏன் கெடுக்கணும்?" என்று கேட்கும் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அறியாமை யாரையும் காத்ததில்லை. யார் கன்னத்தைக் கிள்ளினாலும் சிரிக்கப் பழக்கப்பட்டவர், தப்பான கை தொடும்போது மட்டும் எப்படி மறுப்பார்? நடந்ததைச் சொல்ல வார்த்தை இல்லாதவரைத்தான் கயவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண் அங்கேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றார். அவருக்கு மனவயது ஒன்பதுதான் என்ற வாதமும் வந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம், குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பிய அவருடைய சம்மதமின்றிக் கருவைக் கலைக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அறிவுசார் குறைபாட்டை வரையறுக்கையில் அன்றாடச் சமூகத் திறன்களையும் சேர்த்தே பேசுகிறது. அப்படியிருக்க, எழுத்தும் எண்ணும் மட்டும் சொல்லிக்கொடுத்து உணர்ச்சிகளையும் உறவுகளையும் விட்டுவிடுவது அரைக் கல்வி. அந்தச் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமையும் பதினெட்டு வயதோடு முடிகிறது. உறவுகள் சிக்கலாகத் தொடங்கும் வயதும் அதுதான்.

உடல் குறைபாடு பற்றிய பொய்யை உடைத்துக் காட்டிய மண் இந்தத் தென்காசிப் பக்கம். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒரு நிறுவனத்தையே நடத்துவார் என்பதை இன்று இங்கே யாரும் சந்தேகிப்பதில்லை. மெதுவாகக் கற்பவருக்கும் முழு மனம் உண்டு என்பதை மட்டும் ஏற்கத் தயங்குகிறோம்.

பள்ளிகளின் கால அட்டவணையில் உணர்ச்சிகளையும் உறவுகளையும் கற்பிக்க நேரம் வேண்டும். பதினெட்டைத் தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் பயிற்சி வேண்டும். பெரும்பாலும் தாய்மார் தலையில் மட்டுமே விழும் இந்தச் சுமையை அரசும் ஊரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். வீட்டில் இன்றே தொடங்கக்கூடியதும் உண்டு: வயதுக்குரிய மரியாதையோடு பேசுங்கள், சாவை மறைக்காதீர்கள், அவர் "வேண்டாம்" என்றால் நிறுத்துங்கள்.