பாட்டோடு ஆளையும் அழைத்தவர்கள்

போன வாரம் என் நிகழ்ச்சியில் ஒரு ரீமிக்ஸ் பாடலைப் போட்டேன். பாட்டு முடிவதற்குள் ஓர் அங்கிளிடமிருந்து அழைப்பு. “என்னம்மா, எங்க காலத்துப் பாட்டை இப்படிப் பண்ணிட்டாங்க! முதல்ல பாடுனவங்க பேரையாவது நீங்க சொல்லியிருக்கலாமே?”

சுருக்கென்றது. நான் சொல்லவில்லைதான்.

வேலை முடிந்து வீடு திரும்பும்போது காரில் ஒரு பழைய ஆங்கில ஆல்பத்தைக் கேட்டேன். ‘தி ஸ்பெஷல்ஸ்’ குழு 1979 அக்டோபரில் வெளியிட்ட முதல் ஆல்பம். அந்த அங்கிளின் கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது.

அவர்கள் வாசித்தது ஸ்கா. 1950களின் இறுதியில் ஜமைக்காவில் உருவான இசை. பாப் மார்லியால் உலகம் அறிந்த ரெக்கேவுக்கு முன்னோடி. மேசையில் தட்டிக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். ஸ்காவில் கிட்டார் அந்த எண்களின் மேல் விழாது. நடுவே உள்ள இடைவெளியில் விழும். நம் கச்சேரிகளில் அரை இடம் தள்ளிப் பாட்டை எடுப்பார்களே, அந்தத் துள்ளல் பாட்டு முழுக்க இருப்பது போல. கால் தானாக ஆடும்.

ஜமைக்காவிலிருந்து பிழைப்புக்காக இங்கிலாந்து சென்றவர்களோடு இந்த இசையும் கப்பலேறியது. ஸ்பெஷல்ஸின் ஊர் கோவென்ட்ரி, கார் தொழிற்சாலைகளின் நகரம். குழுவில் ஏழு பேர். ஐவர் வெள்ளையர், லின்வல் கோல்டிங், நெவில் ஸ்டேபிள் இருவரும் ஜமைக்காவில் பிறந்தவர்கள். குழுவைத் தொடங்கிய கீபோர்டு கலைஞர் ஜெர்ரி டாமர்ஸ் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம ஊட்டியில்! அவருடைய தந்தை ஒரு பாதிரியார்.

அது இதமான காலமில்லை. அந்த ஆண்டு மே மாதப் பொதுத்தேர்தலில், குடியேறிகளை வெளியேற்றச் சொன்ன நேஷனல் ஃபிரண்ட் கட்சி 300-க்கும் அதிகமான வேட்பாளர்களை நிறுத்தியது. அந்த நேரத்தில்தான் இந்த ஏழு பேரும் ஒரே மேடையில் நின்றார்கள். டாமர்ஸ் தொடங்கிய இசை நிறுவனத்தின் பெயரே ‘டூ டோன்’. அதன் அடையாளம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்.

எல்விஸ் கொஸ்டெல்லோ தயாரித்த இந்த ஆல்பத்தில் 14 பாடல்கள். முதல் பாட்டு ‘எ மெசேஜ் டு யூ ரூடி’. தறிகெட்டுத் திரியும் இளைஞனுக்கு ஓர் அண்ணன் சொல்லும் புத்திமதி மாதிரி. இது அவர்களின் சொந்தப் பாட்டு இல்லை. 1967-இல் டேண்டி லிவிங்ஸ்டன் பாடியது. அந்த மூலப் பாடலில் டிராம்போன் ஊதியவர், ஜமைக்காவில் வளர்ந்து 1961-இல் இங்கிலாந்துக்கு வந்த ரிக்கோ ரொட்ரிகெஸ்.

ஸ்பெஷல்ஸ் நினைத்திருந்தால் அந்த டிராம்போன் இசையை வேறு யாரையாவது வைத்து ஊதச் சொல்லியிருக்கலாம். ஆனால், அவர்கள் ரிக்கோவையே அழைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, நாற்பதைத் தாண்டிய அந்தப் பெரியவர் அதே பாட்டுக்கு, இருபதுகளில் இருந்த பையன்களோடு நின்று மறுபடியும் ஊதினார். பாட்டின் ஆரம்பத்தில் வருகிறதே அந்த டிராம்போன், அது அவருடைய மூச்சு.

நிறவெறியைப் பற்றி நேரடியாகப் பேசும் பாட்டும் இந்த ஆல்பத்தில் உண்டு. ஆனால், எனக்கு அதைவிட ரிக்கோவை அழைத்த செயல்தான் பெரிதாகத் தெரிகிறது. “உங்கள் இசை எங்களுக்குப் பிடிக்கும், நீங்கள் வேண்டாம்” என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். இவர்கள் பாட்டை எடுத்தபோது ஆளையும் கூட்டி வந்தார்கள். ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது.

ரீமிக்ஸ் செய்வது தப்பில்லை, அங்கிள். பேர் சொல்லாததுதான் தப்பு. இந்த வாரம் அதே பாட்டை மறுபடியும் போடப் போகிறேன். இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் எல்லார் பேரையும் சொல்லிவிட்டு, முதலில் மூலப் பாடலைத்தான் போடுவேன். மறக்காமல் கேளுங்கள்.