பூங்காவுக்காகப் பேசுவது யார்?

அரசுகள் செலவைக் குறைக்க முற்படும்போது முதலில் கைவைப்பது, எதிர்த்துக் குரல் எழாத இடங்களில்தான். ஒரு மருத்துவமனையை மூடினால் மறுநாளே மக்கள் வீதிக்கு வருவர். பூங்காவின் பராமரிப்பு நிதியைக் குறைத்தாலோ, ஊஞ்சல் அறுந்து விழும்வரை எவரும் அறியார்.

2012ஆம் ஆண்டு கனடிய மத்திய அரசு, தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடா நிறுவனத்தின் நிதியில் ஏறத்தாழ 2 கோடி 90 இலட்சம் டொலரைக் குறைத்தது. நூற்றுக்கணக்கான ஊழியர்களின் பணி பாதிக்கப்பட்டது. பல இடங்களில் பார்வையாளருக்கான காலமும் வழிகாட்டிகளின் சேவையும் சுருங்கின.

நம் மாகாணத்தின் அனுபவமோ வேறு பாடம் புகட்டுகிறது. 2006 மார்ச்சில் கியூபெக் அரசு, ஓர்ஃபோர்ட் மலைத் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியைத் தனியாருக்கு விற்கப்போவதாக அறிவித்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் மொன்றியல் வீதிகளில் திரண்டனர். அவ்வாண்டு ஜூனில் சட்டம் நிறைவேறியபோதும் எதிர்ப்பு ஓயவில்லை. 2007இல் அரசு விற்பனையைக் கைவிட்டது. 2010இல் அந்நிலம் சட்டப்படி பூங்காவோடு மீண்டும் சேர்க்கப்பட்டது. நிறைவேறிய சட்டத்தையே மக்கள் குரல் மாற்றியது.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. திருமுருகன் ஆலயம் அமைந்த இந்நகரில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிவிட்டன. ஊரிலிருந்து வந்த அம்மம்மாவும் அப்பப்பாவும் காலாற நடப்பதும், பிள்ளைகள் பனிமேட்டில் சறுக்கி விளையாடுவதும் பூங்காவில்தான். முற்றமில்லாத வீடுகளில் வாழ்வோருக்கு அதுவே முற்றம்.

2002இல் மொன்றியலுடன் இணைக்கப்பட்ட இந்நகரம், 2004 வாக்கெடுப்பின் பயனாக 2006 சனவரி 1இல் மீண்டும் தனி நகராயிற்று. ஆகவே நம் அயற் பூங்காக்களுக்கான நிதியைத் தீர்மானிப்பது நம் நகரசபையே. வழக்கமாக நவம்பர் நடுப்பகுதிக்கும் டிசம்பர் இறுதிக்கும் இடையே வரவு-செலவுத் திட்டம் நிறைவேற்றப்படுகிறது. அதற்கான சிறப்புக் கூட்டத்தில் சமுகமளிப்போர் வினா எழுப்பக் கியூபெக் சட்டம் நேரம் ஒதுக்குகிறது. வாக்குரிமை கனடியக் குடிமக்களுக்கே உண்டு. வினா எழுப்பக் குடியுரிமை வேண்டியதில்லை. ஆனால் அக்கூட்டங்களில் தமிழ் முகங்களைக் காண்பது அரிது.

ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். வீட்டுவரி உயர்ந்தால் முணுமுணுப்பதும் நாமே. பூங்கா பாழடைந்தால் நொந்துகொள்வதும் நாமே. நகரசபைக்குப் பனி அகற்றவும் குழாய்கள் பழுதுபார்க்கவும் பணம் தேவைதான். எனவே "குறைக்காதீர்கள்" என்று மட்டும் கூறுவது போதாது. எந்தப் பூங்காவுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, சென்ற ஆண்டினும் அது கூடியதா குறைந்ததா, எது பிற்போடப்பட்டது என்று எண்களோடு கேட்கவேண்டும்.

இங்கேதான் இளையோரின் பங்கு தொடங்குகிறது. பிரெஞ்சும் ஆங்கிலமும் உங்களுக்குச் சரளம். ஆவணத்தைப் படித்துப் பெற்றோருக்குத் தமிழில் விளக்குங்கள். பெற்றோரே, பிள்ளைகளைக் கோவிலுக்கும் தமிழ் வகுப்புக்கும் அழைத்துச் செல்வதுபோல், ஆண்டுக்கு ஒரு மாலை நகரசபைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

வாழும் மண்ணைக் காப்பதும் நம் கடமையே. வரும் டிசம்பரில் அந்தக் கூட்டத்தில் நம் இருக்கைகள் வெறுமையாக இருக்கலாமா?